அகப்பையில் வருவது

குட்டைக்குப் பத்து அகப்பை.
நீளப் பிடி, வெள்ளைக் கிண்ணம்.
நிழல் விழாமல் ஒரே இழுப்பில் அள்ள வேண்டும்,
நிழல் பட்டால்
கூத்தாடிகள் ஆட்டத்தை நிறுத்தி
அடிக்குப் போய்விடும்.

ருஸ்தாக்கிலிருந்து மலைக்குள் நாற்பது நிமிடம்.
வாதியில் ஓட்டம் நின்றுவிட்டது.
வெள்ளம் விட்டுப்போன பதினேழு குட்டைகள்,
பாறையில் சிவப்புப் பெயிண்டால்
நான் எழுதிய எண்கள்.

ஒன்பதாம் எண்ணில், மூன்று வருடம் முன்பு,
பத்து அகப்பைக்கு நூற்றுப் பன்னிரண்டு கூத்தாடி.
கூடவே தட்டானின் பிள்ளைகள்,
இறக்கை முளைக்காத சேற்று நிறத் திருடர்கள்.
மடித்து வைத்திருந்த தாடையைச் சடாரென்று நீட்டி
ஒன்று, என் கிண்ணத்துக்குள்ளேயே
ஒரு கூத்தாடியைப் பிடித்துத் தின்றது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
தட்டச்சு செய்தவர் விட்டுவிட்டார்.

அந்த வருடம்தான் காய்ச்சல்.
சாலை போடும் கம்பெனியின் முகாமில்
இருபத்தாறு பேர் படுத்தார்கள்.
எலும்பைத் துணிபோல் முறுக்கிப் பிழியுறாங்கடா
என்றான் பவுல்துரை, ஈறெல்லாம் ரத்தம்.
அவன் பிழைத்தான்.
மேல்கட்டில் ஜியாவுல் பிழைக்கவில்லை.
ஒரு வாரம் அவன் செருப்பு கதவருகே கிடந்தது,
யாரும் எடுக்காமல்,
யாரும் மிதிக்காமல்.

எனவே மருந்து தூவிய கையைப் பற்றி
என்னிடம் பேச வேண்டாம்.
குழம்புக்கு உப்புப் போடுவது போலத்தான்,
மணல்மணலான குருணை,
விரலிடுக்கில் நழுவும்.
தேங்கிய நீர் அனைத்தும் என்றது உத்தரவு.
அனைத்திலும் போட்டேன்.
மூசா பலூச்சி ஜீப்பிலிருந்து
பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்த கம்பூசியா மீன்களை
மேல்குட்டைகளில் அவிழ்த்துவிட்டான்.
அவை கூத்தாடியைத் தின்றன,
பிறகு தேரைக் குஞ்சுகளை,
பிறகு கல்லை நக்கி வாழ்ந்த சின்ன மீனின் முட்டையை.

ஆடு ஓட்டிவந்த ஷம்ஸா கேட்டாள்:
ராத்திரி கத்துமே, அதெல்லாம் எங்கே?
அரபியில் எனக்கு எண்கள் தெரியும்,
நலம் விசாரிக்கத் தெரியும்.
தேரைக்குச் சொல் தெரியாது.

ஒன்று சொல்லியாக வேண்டும்.
வாதியின் கூத்தாடி நீர்ப்பரப்பில்
பாய் போட்டதுபோல் படுத்துக் கிடக்கும்.
முகாமின் பின்னால், மூடியில்லாத நீலப் பீப்பாய்களில்
நான் பார்த்தது தலைகீழாய்த் தொங்கியது.
வேறு சாதிக் கொசு.
வேறு காய்ச்சல்.
லென்ஸ் வைத்துப் பார்த்தவன் நான்.
இரண்டுக்கும் ஒரே கட்டம்: கொசுப்புழு.
மூடி ஒன்று ஒரு ரியால் இருநூறு பைசா.
கம்பெனியிடம் யார் கேட்பது?
வாதி பதில் பேசாது.

மருந்து வீரியம் இழந்த பதினைந்தாம் நாள்
முதலில் திரும்பி வந்தது கொசுதான்.
ஆளில்லாத வீடு,
அடிக்க ஒரு தாடை இல்லை.
அகப்பைக்கு முப்பது, அகப்பைக்கு நாற்பது.
மறுபடி குருணை. மறுபடி சுழியம்.
அறிக்கையில் பச்சை நிறம்.

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள்.
சட்டியில் இருந்தது,
அகப்பையிலும் வந்தது.
தாளில்தான் வரவில்லை.

வளைவுக்கு அப்பால், பாறைப் பிளவில்,
பதினெட்டாவது ஒன்று இருக்கிறது.
அரளிப் புதர் மறைக்கும்.
குனிந்து உட்கார்ந்தால் தேரை முட்டைச் சரம்
கறுப்பு மணியாய் நீளும்,
ஒரு தட்டான் வாலால் நீரைத் தொட்டுத் தொட்டு எழும்.
அதற்கு நான் எண் போடவில்லை.
பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்று மூசாவிடம் சொன்னேன்,
டப்பா அவன் காலடியில் பாதி நிறைந்திருந்தது.
பார்த்தான். வண்டியைத் திருப்பினான்.

இனி இங்கே யாருக்குக் காய்ச்சல் என்றாலும்
முதலில் அந்தக் குட்டைதான்
நினைவில் வரும்.
வரட்டும்.